ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை

போன ஆனி மாதத்தில் ஒருநாள் காலை நடை முடிந்து திரும்பும்போது, எங்கள் தெரு முனையில் இருந்த பந்தல் சாமான் வாடகைக் கடையைக் காலி செய்துகொண்டிருந்தார்கள். அண்டா, குண்டா, மடக்கு நாற்காலி எல்லாம் மினி லாரியில் ஏறின. மறுநாள் வெல்டிங் ஆள் வந்தான். கடை வாசலை அடைத்து இரும்புக் கம்பி அடித்து, நடுவில் கை நுழைகிற அளவுக்கு இரண்டு சதுர ஓட்டை விட்டான். அந்த ஓட்டையைப் பார்த்ததும் தெருவுக்கே விஷயம் புரிந்துவிட்டது. மளிகைக் கடைக்கு யாரும் அப்படி ஓட்டை விடுவதில்லை.

அன்று சாயங்காலமே நாலைந்து பேர் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். "சார், நீங்க கவர்மெண்ட்ல இருந்தவரு. மனு எழுதிக் குடுங்க. திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ்ல குடுத்துருவோம்" என்றார்கள். வழக்கமாக இந்த மாதிரி வேலைக்கு நான் உடனே கண்ணாடியைத் தேடுகிறவன். அன்று "ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றேன். வந்தவர்களுக்கு ஆச்சரியம். என் வீட்டம்மாவுக்குக் கோபம்.

தயங்கியதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, நான் மதுவிலக்குக்காரன் இல்லை. மற்றொன்று, அந்தக் கட்டடம் யாருடையது என்பது. அதைப் பிறகு சொல்கிறேன்.

இந்தப் பக்கத்தை வாசித்து வருகிறவர்களுக்குத் தெரியும், நான் பிறந்தது காரைக்காலில். பிரெஞ்சுப் பள்ளியில் பிரெஞ்சிலேயே படித்து, பிரவே முடித்த கையோடு 1966இல் அப்பா காலமாகி, அம்மாவோடு சிம்மக்கல்லில் இருந்த தாய்மாமா வீட்டுக்கு வந்து சேர்ந்தவன். வந்த புதிதில் "மதுரையில சாராயக் கடை எங்கே இருக்கு?" என்று மாமாவிடம் வெள்ளந்தியாகக் கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன். எனக்குத் தெரியாது. சென்னை மாகாணம் முழுக்க 1948 முதலே மதுவிலக்கு. காரைக்காலில் அது கிடையாது. சாயங்காலமானால் நாகூர்ப் பக்கத்து ஆட்கள் எல்லை தாண்டி வாஞ்சூர் வழியாக வருவார்கள். இருட்டிய பிறகு ஒருவர் தோளில் ஒருவராகத் திரும்பிப் போவார்கள். எங்கள் அப்பா மாதத்தில் ஒருநாள் சாப்பாட்டுக்கு முன் ஒரு சின்னக் கோப்பை ஒயின் குடிப்பார். குடித்துவிட்டுக் கோப்பையைத் தானே கழுவிக் கவிழ்த்து வைப்பார். அவர் சத்தம் போட்டுப் பேசி நான் கேட்டதில்லை. ஆகவே குடிக்கிறவன் எல்லாம் குடியைக் கெடுப்பவன் என்று யாராவது சொன்னால், எனக்கு அந்தக் கவிழ்த்து வைத்த கோப்பைதான் நினைவுக்கு வரும். ஓய்வுபெற்ற பிறகு நானும் வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை... சரி, அது இருக்கட்டும். பேரன் இதை வாசிக்கிறான்.

அப்பா வேலை பார்த்தது 'மேரி'யில். நகராட்சி அலுவலகத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். பிரெஞ்சுச் சட்டப்படி பதிவுத் திருமணம் செய்கிறவர்களின் பெயரை முன்கூட்டியே எழுதி மேரி வாசல் பலகையில் ஒட்ட வேண்டும். இன்னார் மகன் இன்னார், இன்னார் மகளை மணக்கப் போகிறார். தடை சொல்ல வேண்டியவர்கள் சொல்லலாம் என்று நாள் கணக்கில் அது தொங்கும். ஒட்டுவது அப்பா வேலை. மைதாப் பசை காய்ச்சுவது என் வேலை. போகிற வருகிறவர்கள் நின்று வாசிப்பார்கள். எழுதப் படிக்கத் தெரியாத கிழவிகள் என்னை வாசிக்கச் சொல்லிக் கேட்பார்கள். நம் நாட்டிலும் 1954ஆம் வருஷத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் அறிவிப்பு இருக்கிறது. காதலித்துக் கல்யாணம் செய்கிறவர்களுக்கு அது பெரிய தொல்லை என்பது வேறு கதை. நான் சொல்ல வருவது இதுதான்: இரண்டு பேர் சேர்ந்து வாழ்வதற்கு ஊரைக் கேட்கிற சட்டம் நம்மிடம் இருக்கிறது. அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி நான் சொல்லக் கூச்சப்படுகிற விஷயம்.

1982ஆம் வருஷம். மதுரையைச் சுற்றியிருந்த ஓர் அலுவலகத்தில் உதவியாளராக இருந்தேன். எது என்று சொல்லப் போவதில்லை. அதற்கு முந்தின வருஷம்தான் எம்.ஜி.ஆர். மதுவிலக்கைத் தளர்த்திச் சாராயம், கள்ளுக் கடைகள் திறக்க வழி விட்டிருந்தார். கர்ணம் முறை ஒழிந்து கிராம நிர்வாக அலுவலர் என்ற பதவி வந்த புதிதும் அதுதான். ஏலம் எடுத்தவர் கடை வைக்க உத்தேசித்த இடம் பற்றிய ஒரு கோப்பு என் மேஜைக்கு வந்தது. கால்வாய்க் கரையில் ஒரு கிராமம். வரைபடம், சர்வே நம்பர், சொந்தக்காரர் சம்மதக் கடிதம் எல்லாம் சரியாக இருந்தன. குறிப்பு எழுதினேன். கடைசி வரி, நாங்கள் எல்லோரும் எல்லாக் கோப்பிலும் எழுதுகிற வரிதான்: 'ஆட்சேபணை ஏதும் வரப்பெறவில்லை.'

பொய் இல்லை. தபாலில் ஆட்சேபணை ஒன்றும் வரவில்லை. ஏன் வரவில்லை என்றால், அப்படி ஒரு கடை வரப்போகிறது என்று அந்த ஊரில் யாருக்கும் தெரியாது. நாங்கள் யாரையும் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை. மேலே போனது, கையெழுத்தாகித் திரும்பி வந்தது, கட்டிவைத்தேன்.

மூன்று மாதம் இருக்கும். மத்தியான நேரம். ஓர் அம்மா, முப்பது வயதுகூட இருக்காது, இடுப்பில் ஒன்றும் கையில் ஒன்றுமாகப் பிள்ளைகளோடு என் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள். யாரோ எழுதிக் கொடுத்த மனு. கால்வாயில் தண்ணீர் எடுக்கப் போகிற பாதையில்தான் கடை; பொழுது சாய்ந்தால் பொம்பளைப் பிள்ளைகள் குடம் தூக்கிப் போக முடியவில்லை என்றிருந்தது. நான் கோப்பை எடுத்துப் பார்த்துவிட்டு, ரொம்ப நியாயஸ்தன் மாதிரி, "கடை வந்துருச்சேம்மா. முன்னாடியே மனு குடுத்திருக்கணும்ல?" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. சந்தேகம் கேட்கிற குரலில் கேட்டாள். "முன்னாடி எங்ககிட்ட யாருய்யா கேட்டா?"

மனுவை வாங்கி முத்திரை குத்தி நம்பர் போட்டுக் கொடுத்தேன். அவள் போய்விட்டாள். அந்த மனு என்ன ஆனது என்று எனக்கு நினைவில்லை என்பதே என் மீதான குற்றப்பத்திரிகை. அந்தக் கடை 1987 ஜனவரியில் மாநிலம் முழுக்கச் சாராயத்தையும் கள்ளையும் நிறுத்திய வரைக்கும் அங்கேயேதான் இருந்தது.

இந்த மாநிலத்தில் மது திறந்ததும் மூடியதும் பெரிய கதை. நம் வயதுக்காரர்களுக்கு அது மனப்பாடம். 1937 அக்டோபர் 1ஆம் தேதி ராஜாஜி சேலம் மாவட்டத்தில் தொடங்கினார்; வருமானம் குறையுமே என்று 1939இல் விற்பனை வரி கொண்டுவந்தார். மதுவை விட்டதற்கு ஈடாக வந்த வரி அது. இப்போது மதுவும் இருக்கிறது, வரியும் இருக்கிறது, மதுவின் மீதே வரியும் இருக்கிறது. 1971இல் கருணாநிதி விலக்கைத் தள்ளிவைத்தார், 1974இல் திரும்பக் கொண்டுவந்தார், 1981இல் எம்.ஜி.ஆர். திறந்தார். 1983இல் மொத்த வியாபாரத்துக்காக டாஸ்மாக் கம்பெனி பிறந்தது. 2003 நவம்பர் கடைசியில் சில்லறை விற்பனையும் அதன் கைக்கே வந்தது.

இந்தக் கடைசி மாற்றத்தைப் பற்றித்தான் நிறையப் பேசியிருக்க வேண்டும், பேசவில்லை. நான் கோப்புப் பார்த்த காலத்தில் கடைக்காரன் ஒருவன், அனுமதி கொடுக்கிற அரசாங்கம் ஒன்று, ஊர் மக்கள் ஒரு பக்கம் என்று மூன்று தரப்பு இருந்தது. கடைக்காரன் தப்புச் செய்தால் உரிமத்தை ரத்து செய்யலாம் என்கிற பயமாவது அவனுக்கு உண்டு. 2003க்குப் பிறகு விற்பவரும் அனுமதி கொடுப்பவரும் ஒரே அரசாங்கம். 2023-24இல் மட்டும் மது மூலம் அரசுக்கு வந்தது 45,000 கோடி ரூபாய்க்கு மேல். அவ்வளவு வருமானம் தருகிற கடையை 'இங்கே வேண்டாம்' என்று சொல்ல, அதே வருமானத்தில் சம்பளம் வாங்குகிறவரிடம்தான் மனு கொடுக்கிறோம். என் ஓய்வூதியமும் அந்தக் கஜானாவிலிருந்துதான் வருகிறது. அதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சட்டத்தில் ஒன்றுமே இல்லையா என்றால், இருக்கிறது. 2003ஆம் வருஷத்து மதுபானச் சில்லறை விற்பனை விதிகளில் எட்டாவது விதி. வழிபாட்டுத் தலத்திலிருந்தும் கல்வி நிலையத்திலிருந்தும் மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் 50 மீட்டருக்குள்ளும், மற்ற இடங்களில் 100 மீட்டருக்குள்ளும் கடை இருக்கக்கூடாது. வணிகப் பகுதி என்று திட்டத்தில் குறித்திருந்தால் அந்தத் தூரக் கணக்கும் கிடையாது. 50 மீட்டர் என்றால் எவ்வளவு தெரியுமா? நம் வடக்குமாசி வீதியில் ஒரு கல்யாண ஊர்வலம் அதைவிட நீளம். அதிலும் வேப்பமரத்தடிப் பிள்ளையார் வழிபாட்டுத் தலமா, மாடியில் நடக்கிற டியூஷன் சென்டர் கல்வி நிலையமா என்று வாதம் நடக்கும். மருத்துவமனை, பேருந்து நிறுத்தம், தண்ணீர் எடுக்கிற பாதை, பெண்கள் வேலை முடிந்து திரும்பும் சந்து எதுவும் அந்த விதியில் இல்லை. டேப் பிடித்து அளந்துவிட்டால் கேள்வி முடிந்தது. அந்தத் தெருவில் குடியிருக்கிறவனின் அபிப்பிராயத்தை எந்த டேப்பால் அளப்பது?

தூரத்தை மட்டும் பார்த்தால் என்ன ஆகும் என்பதை 2017இல் பார்த்தோம். 2016 டிசம்பர் 15ஆம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்பு சொன்னது. தமிழ்நாட்டிலிருந்து வழக்கறிஞர் பாலு கொண்டுபோன வழக்கும் அதில் இருந்தது. நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. குடித்துவிட்டு வண்டி ஓட்டிச் சாகிறார்கள். நல்ல நோக்கம். அடுத்த ஏப்ரலில் நம் மாநிலத்தில் மட்டும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூட வேண்டியதாயிற்று. மூடிய கடைகள் எங்கே போயின? சாலையை விட்டு உள்ளே வந்தன. வயல் ஓரம், காலனி நடுவில், ஊருணிக் கரையில் வாடகைக்கு இடம் பிடித்தார்கள். அதுவரை லாரிக்காரர்களுக்கு இருந்த கடை, பிள்ளைகள் சைக்கிள் விடுகிற தெருவுக்கு வந்தது. அந்தக் கோடை முழுக்க ஊர் ஊராகப் பெண்கள் வெயிலில் உட்கார்ந்தார்கள். ஏப்ரல் 11ஆம் தேதி திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அப்படி மறியல் செய்த ஒரு பெண்ணை உயர் போலீஸ் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததைத் தொலைக்காட்சியில் நாம் எல்லோரும் பார்த்தோம். ஜூலையில் உச்ச நீதிமன்றமே, நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை பொருந்தாது என்று விளக்கம் சொன்னது. அதற்கும் இரண்டு வருஷம் முன்னால், 2015 ஜூலை 31ஆம் தேதி, குமரி மாவட்டம் உண்ணாமலைக்கடையில் ஒரே ஒரு கடையை எடுக்கச் சொல்லிக் கைப்பேசிக் கோபுரத்தில் ஏறிய காந்தியவாதி சசிபெருமாள் உயிரோடு இறங்கவில்லை. ஒரு கடையின் இடத்தை மாற்ற ஒரு மனிதர் கோபுரத்தில் ஏற வேண்டியிருந்தது என்றால், தரையில் நின்று சொல்ல இடம் இல்லை என்றுதானே அர்த்தம்?

மகள் இங்கிலாந்தில் லெஸ்டரில் இருக்கிறாள். மூன்று மாதம் போய் இருந்துவிட்டு வந்தேன். அங்கே அவள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு குஜராத்திக்காரர் மளிகைக் கடை. கொத்தமல்லி வாங்கப் போனபோது கதவில் ஒரு வெளிர் நீலத் தாள் ஒட்டியிருந்தது. குமாஸ்தா புத்தி, நின்று முழுசும் வாசித்தேன். இந்தக் கடை மது விற்க உரிமம் கேட்டிருக்கிறது, இன்ன நேரம் முதல் இன்ன நேரம் வரை விற்கப் போகிறது, சொல்ல வேண்டியதைக் கவுன்சிலுக்கு இன்ன தேதிக்குள் எழுதலாம். 28 நாள் அவகாசம். உள்ளூர் செய்தித்தாளிலும் போட வேண்டுமாம். அந்தச் சட்டமும் 2003ஆம் வருஷத்துச் சட்டம்தான். நம் ஊரில் விதி எழுதிய அதே வருஷம் அவர்களும் எழுதியிருக்கிறார்கள். அவர்கள் நீலத் தாள் ஒட்டச் சொன்னார்கள், நாம் டேப் வாங்கினோம்.

எனக்கு மைதாப் பசை வாசனை வந்தது என்றால் நம்புவீர்களா?

மகளின் எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் கவுன்சிலுக்கு எழுதினார். இரவில் கடை வாசலில் பையன்கள் நின்று கூச்சல் போடுவார்கள் என்பது அவர் கவலை. விசாரணை வைத்தார்கள். கடைக்காரரும் போனார், மூதாட்டியும் போனார். கடைசியில் உரிமம் கிடைத்தது. ஆனால் இரவு 11 மணி வரை கேட்டவருக்கு 9 மணி வரைதான். ஒற்றை ஒற்றையாகப் பீர் டின் விற்கக்கூடாது. வாசலில் கேமரா வைக்க வேண்டும். மூதாட்டிக்கு முழுத் திருப்தி இல்லை. கடைக்காரரும் முணுமுணுத்தார். ஆனால் மறுநாள் அதே மூதாட்டி அதே கடையில் பால் வாங்கினார். நான் கண்ணால் பார்த்தேன். நம் ஊரில் 'திற', 'மூடு' என்று இரண்டே வார்த்தைதான் நமக்குத் தெரியும். நடுவில் இவ்வளவு வார்த்தை இருக்கிறது.

வெள்ளைக்காரன் ஊர்க் கதை நமக்கு எதற்கு என்பவர்களுக்கு மகாராஷ்டிரத்தைச் சொல்கிறேன். அங்கே ஒரு பகுதியின் பெண் வாக்காளர்களில் நான்கில் ஒரு பங்கினர் கையெழுத்துப் போட்டுக் கேட்டால், அந்த மதுக்கடை இருக்கலாமா என்று அரசாங்கமே ஓட்டெடுப்பு நடத்த வேண்டும். ஓட்டுச் சீட்டில் இரண்டு படம். நிமிர்ந்து நிற்கும் பாட்டில், சாய்ந்து கிடக்கும் பாட்டில். பாதிக்கு மேல் சாய்ந்த பாட்டிலுக்கு விழுந்தால் கடை மூட வேண்டும். படிப்பு தேவையில்லை, வக்கீல் தேவையில்லை, கோபுரத்தில் ஏறத் தேவையில்லை. நம் ஊரில் 1921லேயே ஈரோட்டில் நாகம்மையாரும் கண்ணம்மாளும் கள்ளுக்கடை வாசலில் நின்றார்கள். நூறு வருஷம் கழித்தும் நம் பெண்கள் வாசலில்தான் நிற்கிறார்கள். ஒரு சீட்டைக் கையில் கொடுத்திருக்கலாம்.

இரண்டு நாள் கழித்து அந்த நாலைந்து பேர் திரும்ப வந்தார்கள். கூடவே எங்கள் தெரு ஆட்டோக்காரத் தம்பியும். அவன் கையெழுத்துப் போட வரவில்லை, எதிர்த்துப் பேச வந்தான். "சார், நான் மறைக்கல. டெய்லி ஒரு குவாட்டர் அடிப்பேன். இங்க கடை இல்லன்னா மூணு கிலோமீட்டர் போவேன். அங்க குடிச்சுட்டு வண்டியில வருவேன். இங்கன்னா வாங்கிட்டு நடந்து வீட்டுக்கு வந்துருவேன். எது நல்லது, நீங்களே சொல்லுங்க" என்றான். கூட வந்தவர்கள் அவன் மேல் பாய்ந்தார்கள். நான் உட்காரச் சொன்னேன். அவன் கேட்டதில் அர்த்தம் இருக்கிறது. கடை இல்லாவிட்டால் கள்ளச்சாராயம் வரும் என்றும் அவன் சொன்னான். அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ளவில்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்களே, அப்போது டாஸ்மாக் திறந்துதானே இருந்தது? கையில் இருக்கிற காசுக்கு எது கிடைக்கிறதோ அதைக் குடித்தார்கள். ஆனால் நடந்து வருவேன் என்கிற அவன் பேச்சுக்கு என்னிடம் பதில் இல்லை. அப்படியானால் அவனையும் சேர்த்தல்லவா கேட்க வேண்டும்? தெரு என்றால் அவனும்தான்.

இனி அந்தக் கட்டடம். என்னோடு இருபது வருஷம் ஒரே பிரிவில் வேலை பார்த்த நண்பருடையது. என்னைவிட மூத்தவர், அவர் மனைவியை நான் மதினி என்றுதான் கூப்பிடுவேன். நண்பர் போய் ஆறு வருஷம் ஆகிறது. ஒரே பையன், வியாபாரத்தில் நொடித்துப் போய், கடன் அம்மா தலையில். குடும்ப ஓய்வூதியம் வட்டிக்குப் போகிறது. நான் அவர் வீட்டுக்குப் போனேன். வாசல் திண்ணையில் உட்கார்ந்து, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மழையைப் பற்றிப் பேசினேன். மதினியே ஆரம்பித்தார்.

"எதுக்கு வந்திருக்கன்னு தெரியும் தம்பி. பந்தக்காரன் மூவாயிரத்து ஐந்நூறு குடுத்தான், அதையும் ரெண்டு மாசத்துக்கு ஒருக்கா. இவங்க பதினெட்டாயிரம். அட்வான்ஸ் வேற. தெருவே எதுக்குதுங்குற. இந்தத் தெருவுல யாராச்சும் எங்கிட்ட வந்து, மதினி, உனக்கு வட்டி கட்டக் காசு இருக்கான்னு கேட்டாங்களா?"

என் வாழ்க்கையில் இரண்டாவது தடவையாக அந்தக் கேள்வியை ஒரு பெண்ணிடம் கேட்டேன். யார் கேட்டார்கள் என்று. காபி குடித்துவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அன்று இரவு மனுவை எழுதினேன். மூன்று தடவை கிழித்தேன். தெருவுக்காரர்கள் எதிர்பார்த்தது 'கலாச்சாரச் சீரழிவு', 'தாய்மார்களின் கண்ணீர்' மாதிரி வார்த்தைகள். நான் அவற்றைப் போடவில்லை. கடை வைக்கப்போகும் இடத்தில் முப்பது நாள் தமிழில் அறிவிப்பு ஒட்ட வேண்டும், இரண்டு பக்கத்துத் தெருக்காரர்களையும் கூப்பிட்டுக் கேட்க வேண்டும், மாநகராட்சி வார்டுகளில் 2022 முதல் பகுதி சபை என்று ஒன்று கூட்டுகிறார்களே, அதிலாவது வைத்துப் பேச வேண்டும், அதுவரை திறக்கக்கூடாது. திறப்பதென்று முடிவானால் எந்த நேரம் வரை, வாசலில் விளக்கு உண்டா, நின்று குடிக்கிறவர்களை யார் அப்புறப்படுத்துவது, பாட்டில் சில்லை யார் பொறுக்குவது என்பதையும் எழுத்தில் தர வேண்டும். இதுதான் சாரம். வாசித்துக் காட்டியதும் ஒருவர், "என்ன சார், வேணாம்னு ஒரு வரிகூட இல்லையே" என்றார். கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: 'கீழே கையொப்பமிட்டுள்ளவர்கள் இக்கடையை விரும்பவில்லை.' நானும் அதன் கீழே கையெழுத்துப் போட்டேன். காரணம் மது இல்லை. பள்ளிக்கூட ஆட்டோ நிற்கிற முனை அது. அதைவிட அகலமான இடம் மெயின் ரோட்டில் இருக்கிறது. ஆட்டோக்காரத் தம்பி போடவில்லை. போடாதவர் அபிப்பிராயம் என்று அவன் சொன்னதையும் தனித் தாளில் எழுதி, அவனிடம் வாசித்துக் காட்டி, மனுவோடு வைத்தேன். மற்றவர்களுக்கு அதில் கடும் அதிருப்தி.

திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் கொண்டுபோய்க் கொடுத்தோம். வரிசையில் இரண்டரை மணி நேரம். மனுவை வாங்கிய இளைஞர் கணினியில் தட்டி ஒரு எண் கொடுத்தார். நல்ல பிள்ளை, "உட்காருங்க ஐயா" என்று நாற்காலி போட்டார். அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் வாங்கியபோது, மேஜையின் இந்தப் பக்கம் எவ்வளவு தாழ்வாக இருக்கிறது என்று தோன்றியது. நாற்பது வருஷம் முன்னால் அந்த அம்மாவுக்கு நான் நாற்காலி போட்டேனா? போடவில்லை.

பத்து நாளில் இரண்டு பேர் டேப்போடு வந்தார்கள். பள்ளிக்கூட வாசல் வரை நடந்து அளந்தார்கள். 50 மீட்டருக்கு மேலேயே வந்தது. தெருவே கூடி நின்று பார்த்தது. யாரையும் அவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. நானே போய், "தம்பி, அறிக்கையில ஆட்சேபணை பத்தி என்ன எழுதுவீங்க?" என்று கேட்டேன். மூத்தவர் சிரித்துக்கொண்டே, "மனு வந்திருக்குன்னு எழுதுவோம் ஐயா" என்றார். எனக்கு அதுவே பெரிய விஷயமாகப் பட்டது.

இதை எழுதுகிற இன்று வரைக்கும் கடை திறக்கவில்லை. இரும்புக் கம்பி அப்படியே இருக்கிறது. ஓட்டை வழியாகப் பூனை ஒன்று போய் வருகிறது. திறக்கலாம், திறக்காமலும் போகலாம். மதினிக்கு இந்த மூன்று மாதமாக வாடகை இல்லை. கட்டடத்தை ஒரு மருந்துக் கடைக்கோ கிளினிக்குக்கோ கேட்டுப் பார்க்கலாம் என்று எங்கள் பழைய அலுவலக நண்பர்கள் இரண்டு பேரோடு அலைந்துகொண்டிருக்கிறேன். ஒருவர் ஒன்பதாயிரம் வரை வருவார் போலத் தெரிகிறது. உங்களில் யாருக்காவது தெரிந்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். பதினைந்துக்குப் பத்து அடி, முன்பக்கம் நல்ல வெளிச்சம், போர்த் தண்ணீர் உண்டு.

வருஷா வருஷம் பிள்ளையார் சதுர்த்திக்கு மதினி வீட்டிலிருந்து தூக்குவாளியில் கொழுக்கட்டை வரும். நண்பர் போன வருஷம்கூட நிற்கவில்லை. இந்த வருஷம் வரவில்லை.